ஹீட் எக்ஸ்சேஞ்சர் மேல ஐஸ் கட்டினா என்ன அர்த்தம்?



முதல்ல ஒரு கேள்வி. நீங்க ஒரு கேஸ் பிளான்ட்ல வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் ஆச்சுன்னு வெச்சுக்கோங்க. காலையில ரவுண்ட்ஸ் போறீங்க. எப்பவும் பக்கத்துல போனாலே அனல் அடிக்கிற ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் மேல இன்னிக்கு வெள்ளையா ஐஸ் படிஞ்சிருக்கு. அதுக்குச் சூடான எண்ணெய் அனுப்புற பம்ப் நின்னு போய் சில மணி நேரம் ஆச்சு. இப்போ பம்ப் ரெடி. ஸ்டார்ட் பண்ணினா சூடான எண்ணெய் உள்ளே பாயும், ஐஸ் உருகும், பிளான்ட் பழைய நிலைக்குத் திரும்பும். ஸ்டார்ட் பண்ணுவீங்களா?

ஹாஸ்டல்ல சிலர்கிட்ட இதைக் கேட்டுப் பார்த்தேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு, ஜில்லுனு இருந்தா சூடு பண்ண வேண்டியதுதானே?" அப்படின்னுதான் முக்கால்வாசி பேர் சொன்னாங்க. 1998 செப்டம்பர் 25 அன்னிக்கு ஆஸ்திரேலியாவுல, விக்டோரியா மாநிலத்தின் லாங்ஃபோர்டு கேஸ் பிளான்ட்ல இருந்தவங்களும் அதையேதான் நினைச்சாங்க. அன்னிக்கு மதியம் ரெண்டு பேர் இறந்துட்டாங்க, எட்டு பேருக்குக் காயம். அந்த மாநிலத்துக்கே ரெண்டு வாரத்துக்கு மேல கேஸ் சப்ளை பாதிக்கப்பட்டுச்சு.

ஏன் அப்படி ஆச்சு? இதைப் புரிஞ்சுக்க நமக்கு வேண்டியதெல்லாம் நம்ம சிலபஸ்லயே இருக்கு: கொஞ்சம் தெர்மோடைனமிக்ஸ், கொஞ்சம் ஹீட் டிரான்ஸ்ஃபர், கொஞ்சம் மெட்டலர்ஜி. கெமிக்கல், மெக்கானிக்கல் மட்டும் இல்ல, எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் படிக்கலாம். ஒவ்வொண்ணா பார்ப்போம் வாங்க.

கிணத்துல இருந்து அடுப்பு வரைக்கும்

பூமிக்கு அடியில இருந்து வர்ற இயற்கை எரிவாயுவை அப்படியே பைப்ல அனுப்பிட முடியாது. அதுல பெரும்பங்கு மீத்தேன். கூடவே ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன், அதுக்கும் கனமான ஹைட்ரோகார்பன்கள், நீராவி, கார்பன் டை ஆக்சைடு, சில இடங்கள்ல ஹைட்ரஜன் சல்ஃபைடுன்னு ஒரு கூட்டமே சேர்ந்து வரும். இதையெல்லாம் பிரிச்சு எடுக்கிறதுதான் கேஸ் பிளான்ட்டோட வேலை.

முதல் ஸ்டெப், செபரேட்டர். ஒரு பெரிய டிரம்னு நினைச்சுக்கோங்க. கேஸ் மெதுவா நகரும்போது கனமான திரவத்துளிகள் கீழே விழும். புவியீர்ப்பு விசைதான் இங்கே வேலைக்காரர். கேஸோட வேகம் ஒரு அளவுக்கு மேல போனா துளிகள் கீழே விழாம கேஸோடவே பறந்து போயிடும். அதனால செபரேட்டரோட விட்டத்தை முடிவு பண்றதே அந்த வேகம்தான். டிசைன் பண்ணினதை விட அதிகமா கேஸ் அனுப்பினா அடுத்த எக்விப்மென்ட்டுக்குத் திரவம் போய்ச் சேரும். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

ரெண்டாவது, கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் எடுக்கிறது. ரெண்டுமே தண்ணியோட சேர்ந்தா அமிலமாகி பைப்பை அரிக்கும். அமீன்ங்கிற ரசாயனக் கரைசலை மேலே இருந்து ஊத்தி, கேஸைக் கீழே இருந்து அனுப்புவாங்க. அமீன் அந்த அமில வாயுக்களைப் பிடிச்சுக்கிட்டு கீழே இறங்கும். அப்புறம் அமீனைச் சூடு பண்ணினா பிடிச்சதை விட்டுடும். மறுபடியும் அதே அமீன் மேலே போகும்.

மூணாவது, தண்ணியை எடுக்கிறது. தண்ணி ஏன் பிரச்சினை? பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனா ஐஸ் ஆகும்னு நமக்குத் தெரியும். ஆனா அதிக பிரஷர்ல, பூஜ்யத்துக்கு மேலயே தண்ணி மூலக்கூறுகள் மீத்தேனைச் சுத்தி ஒரு கூண்டு கட்டி ஐஸ் மாதிரி திடப்பொருளா மாறிடும். இதுக்குப் பேர் ஹைட்ரேட். ஒரு பைப்பையே அடைச்சுடும். அதனால டிரைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற திரவத்தால தண்ணியை உறிஞ்சி எடுப்பாங்க. ரொம்பக் குளிரான பிளான்ட்டா இருந்தா அதுவும் பத்தாது, மாலிக்யூலர் சீவ்னு நுண்துளைகள் உள்ள மணிகள் நிரப்பின கோபுரம் வழியா அனுப்புவாங்க.

நாலாவது ஸ்டெப்தான் நம்ம கதைக்கு முக்கியம். ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேனைப் பிரிச்சு எடுக்கிறது. இதுல காசு இருக்கு. நம்ம வீட்டு சிலிண்டர்ல இருக்கிறது புரொப்பேனும் பியூட்டேனும்தான். ஈத்தேன் பிளாஸ்டிக் தயாரிக்கப் போகும். சாதாரண பிரஷர்ல மீத்தேன் மைனஸ் 161 டிகிரி செல்சியஸ் பக்கத்துல கொதிக்கும், ஈத்தேன் மைனஸ் 89ல, புரொப்பேன் மைனஸ் 42ல, பியூட்டேன் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. ஆக, கேஸைக் குளிர வெச்சா கனமானதெல்லாம் முதல்ல திரவமாகும், மீத்தேன் மட்டும் கேஸாவே நிக்கும். பிரிக்கிறதுக்கு நம்ம கையில இருக்கிற ஆயுதமே குளிர்தான்.

குளிர் எங்கிருந்து வருது?

கல்யாண சமையல் நடக்கிற இடத்துல பெரிய சிலிண்டரைத் தண்ணித் தொட்டிக்குள்ள வெச்சிருக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? ஒரே நேரத்துல நிறைய கேஸ் இழுத்தா சிலிண்டர் வெளியே வேர்த்து, அப்புறம் பனி பிடிச்சு, கேஸ் வர்றதே குறைஞ்சுடும். உள்ளே திரவமா இருக்கிற எல்.பி.ஜி. ஆவியாக வெப்பம் வேணும். அந்த வெப்பத்தைத் தன்கிட்ட இருந்தும் சிலிண்டரோட இரும்புகிட்ட இருந்தும்தான் எடுத்துக்கும். அதனாலதான் தண்ணித் தொட்டி: வெப்பம் தர்றதுக்கு ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்.

கேஸ் பிளான்ட்ல குளிர் வர்றதுக்கு மூணு முக்கியமான வழி இருக்கு.

ஒண்ணு, மேலே சொன்ன மாதிரி திரவத்தோட பிரஷரைச் சட்டுனு குறைக்கிறது. அதுல ஒரு பகுதி ஆவியாகும், மீதி குளிர்ந்து போகும்.

ரெண்டாவது, கேஸை ஒரு வால்வு வழியா அதிக பிரஷர்ல இருந்து குறைஞ்ச பிரஷருக்கு விடறது. ஜூல் தாம்சன் விளைவுன்னு படிச்சிருப்போம். மூலக்கூறுகள் ஒண்ணையொண்ணு ஈர்த்துக்கிட்டு இருக்கும். விலகிப் போகணும்னா ஆற்றல் செலவாகும். இயற்கை எரிவாயுவுல ஒரு பார் பிரஷர் குறைஞ்சா ஏறக்குறைய அரை டிகிரி குறையும்னு ஒரு கைக்கணக்கு உண்டு.

மூணாவது, டர்போ எக்ஸ்பாண்டர். வால்வுக்குப் பதிலா ஒரு சின்ன டர்பைன். கேஸ் அதைச் சுத்தி வேலை செய்யும். வேலை செஞ்சா ஆற்றல் போகும், ஆற்றல் போனா டெம்பரேச்சர் போகும். அதே அளவு பிரஷர் குறைஞ்சாலும் வால்வை விட ரொம்ப அதிகமா குளிரும். அந்த டர்பைன் சுத்துறதை வீணாக்காம, அதே ஷாஃப்ட்ல ஒரு கம்ப்ரஸரை மாட்டி வெளியே போற கேஸை அழுத்துவாங்க. இன்னிக்குக் கட்டுற பல பிளான்ட்கள்ல இதுதான் நடைமுறை.

லாங்ஃபோர்டோட முதல் பிளான்ட் 1969ல ஓட ஆரம்பிச்சது. அதுல பழைய முறை. கெரசின் மாதிரி ஒரு எண்ணெயைக் கோபுரத்தோட மேலே இருந்து ஊத்துவாங்க, கேஸ் கீழே இருந்து வரும். எண்ணெய் புரொப்பேன், பியூட்டேன் எல்லாத்தையும் கரைச்சுக்கிட்டு இறங்கும். அமீன் கதையேதான், ஆள் மட்டும் வேற. எதையும் கரைக்காம இருக்கும்போது அதுக்கு லீன் ஆயில்னு பேர், கரைச்சு முடிச்சதும் ரிச் ஆயில். ரிச் ஆயிலைச் சூடாக்கி உள்ளே இருக்கிறதைப் பிரிச்சு எடுத்துட்டு, சூடான லீன் ஆயிலை மறுபடி சுத்துக்கு அனுப்புவாங்க. போற வழியில அந்தச் சூட்டை வீணாக்காம ஹீட் எக்ஸ்சேஞ்சர்கள் மூலமா குளிர்ந்த ரிச் ஆயிலுக்குக் கொடுப்பாங்க. அப்படிப்பட்ட எக்ஸ்சேஞ்சர்கள்ல ஒண்ணுக்குப் பேர் ஜி.பி. 905.

எக்ஸ்சேஞ்சரோட டெம்பரேச்சரை யார் முடிவு பண்றாங்க?

ஹீட் எக்ஸ்சேஞ்சர்னா நமக்கு உடனே ஞாபகம் வர்ற ஃபார்முலா: வெப்பம் சமம் யு, பெருக்கல் பரப்பு, பெருக்கல் டெம்பரேச்சர் வித்தியாசம். எக்ஸாம்ல இதை வெச்சுப் பரப்பைக் கண்டுபிடிச்சா பத்து மார்க்கு. ஆனா அந்தக் கணக்குல ஒரு விஷயம் சொல்லாமலே இருக்கும்: ரெண்டு பக்கமும் திரவம் ஓடிக்கிட்டே இருக்கு.

ஒரு எக்ஸ்சேஞ்சரோட இரும்பு எந்த டெம்பரேச்சர்ல இருக்கும்? சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் நடுவுல எங்கேயோ. ரெண்டு பேரும் கயிறு இழுக்கிற மாதிரி. ஜி.பி. 905ல சாதாரணமா ஒரு முனையில 60 டிகிரியும் மறுமுனையில 230 டிகிரியும் இருக்கும். இப்போ ஒரு பக்கத்து ஆள் கயிறை விட்டுட்டான்னா? கயிறு மொத்தமும் அடுத்தவன் பக்கம்தான். சூடான எண்ணெய் நின்னா, குளிர்ந்த திரவம் எவ்வளவு குளிரோ அவ்வளவுக்கு இரும்பும் இறங்கும்.

இங்கேதான் எக்விப்மென்ட் பெர்ஃபார்மன்ஸ்ங்கிற வார்த்தைக்கு முழு அர்த்தம் வருது. டேட்டா ஷீட்ல போட்டிருக்கிற டெம்பரேச்சர் அந்த எக்ஸ்சேஞ்சரோட பிறவிக் குணம் கிடையாது. பம்ப் ஓடணும், மேலே இருக்கிற கோபுரத்துல லெவல் சரியா இருக்கணும், வர்ற கேஸோட அளவு டிசைனுக்குள்ள இருக்கணும். இதெல்லாம் சரியா இருக்கிற வரைக்கும்தான் அந்த நம்பர் உண்மை. பம்ப் நின்னா, பம்புக்கு மட்டும் இல்ல, அதோட எண்ணெயை நம்பி இருக்கிற ஒவ்வொரு எக்விப்மென்ட்டுக்கும் புது டேட்டா ஷீட் எழுதணும்.

இரும்பு கண்ணாடி ஆகும்போது

செகண்ட் இயர் மெட்டீரியல்ஸ் லேப்ல சார்பி டெஸ்ட் பண்ணியிருப்போம். ஒரு சுத்தியல் ஊசல் மாதிரி வந்து, நடுவுல வெட்டு போட்ட இரும்புத் துண்டை அடிச்சு உடைக்கும். எவ்வளவு ஆற்றல் எடுத்துச்சுன்னு டயல்ல ரீடிங் பார்த்து ரெக்கார்டுல எழுதுவோம். ஆனா நாம அதை ரூம் டெம்பரேச்சர்லதான் பண்றோம். அதே துண்டைக் குளிர வெச்சு அடிச்சா ரீடிங் தலைகீழா மாறும்.

சாதாரண கார்பன் ஸ்டீல் ரூம் டெம்பரேச்சர்ல உடையறதுக்கு முன்னாடி வளையும், இழுபடும். நிறைய ஆற்றலை விழுங்கும். டெம்பரேச்சர் குறையக் குறைய, ஒரு கட்டத்துல அந்தக் குணம் போயிடும். வளையாம, எச்சரிக்காம, கண்ணாடி மாதிரி பட்டுனு உடையும். இரும்போட அணுக்கள் அடுக்கி இருக்கிற விதம்தான் காரணம். பி.சி.சி. அமைப்புல அணு அடுக்குகள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்க வெப்பம் உதவி செய்யணும். குளிர்ல அந்த உதவி கிடைக்காது. வழுக்க முடியலைன்னா விரிசல்தான் ஒரே வழி.

எஃப்.சி.சி. அமைப்பு உள்ள 304 மாதிரி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இந்தப் பிரச்சினை இல்ல. அதனாலதான் மைனஸ் 160ல இருக்கிற எல்.என்.ஜி.யைத் தாங்க அதையோ, 9 சதவீதம் நிக்கல் கலந்த ஸ்டீலையோ பயன்படுத்துறாங்க. சாதாரண கார்பன் ஸ்டீலுக்குப் பைப்பிங் கோடுகள்ல வழக்கமா வர்ற கீழ் எல்லை மைனஸ் 29 டிகிரி. அதுக்குக் கீழே போகணும்னா தனியா டெஸ்ட் பண்ணின ஸ்டீல் வேணும்.

இப்போ ரெண்டாவது பாதி. குளிர்ந்த இரும்பு சும்மா இருந்தா உடையாது. அதை இழுக்க ஒரு விசை வேணும். அந்த விசையை நாமே கொடுக்கலாம், சூடு பண்ணி!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரும்பு ஒரு டிகிரி சூடானா ஒரு மீட்டருக்கு சுமார் 12 மைக்ரோமீட்டர் நீளும். அதை நீள விடாம பிடிச்சு வெச்சா உள்ளே ஸ்ட்ரெஸ் உண்டாகும். யங்ஸ் மாடுலஸ் 200 கிகாபாஸ்கல். பெருக்கிப் பார்த்தா ஒரு டிகிரிக்கு 2.4 மெகாபாஸ்கல். 100 டிகிரி வித்தியாசம்னா 240. சாதாரண மைல்டு ஸ்டீலோட யீல்டு ஸ்ட்ரெங்த்தே 250 பக்கம்தான். மைனஸ் 48ல இருக்கிற இரும்புக்குள்ள 230 டிகிரி எண்ணெய் பாய்ஞ்சா வித்தியாசம் 278 டிகிரி, பேப்பர்ல வர்ற ஸ்ட்ரெஸ் 660 மெகாபாஸ்கலுக்கு மேல!

நிஜத்துல எந்தப் பாகமும் முழுசா பிடிச்சு வெச்சிருக்காது, எண்ணெய் படுற எல்லா இடமும் ஒரே நொடியில சூடாகாது. அதனால உண்மையான ஸ்ட்ரெஸ் இதை விடக் குறைவாதான் இருக்கும். ஆனா எந்த அளவுல நாம விளையாடுறோம்னு இந்தக் கணக்கு காட்டுது. சூடான ஸ்டீலா இருந்தா கொஞ்சம் யீல்டு ஆகி அந்த ஸ்ட்ரெஸ்ஸைத் தணிச்சுக்கும். குளிர்ந்த ஸ்டீலுக்கு அந்த வழி அடைஞ்சு போச்சு. வெல்டு பக்கத்துல ஒரு சின்னக் குறை இருந்தா போதும்.

அன்னிக்குக் காலையில நடந்தது

இப்போ எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க. லாங்ஃபோர்டு பிளான்ட்டை எஸ்ஸோ நிறுவனம் நடத்திக்கிட்டு இருந்துச்சு. பாஸ் நீரிணையில கடலுக்கு அடியில இருந்து எடுத்த கேஸ் அங்கே வரும். அங்கே இருந்துதான் விக்டோரியா மாநிலத்துக்குத் தேவையான கேஸ்ல பெரும்பகுதி போகும்.

அன்னிக்கு மார்லின் கேஸ் வயல்ல இருந்து வரத்து கூடிப் போச்சு. முன்னாடி சொன்னேனே, டிசைனை விட அதிகமா அனுப்பினா திரவம் அடுத்த எக்விப்மென்ட்டுக்குப் போகும்னு? உறிஞ்சும் கோபுரத்தோட அடியில திரவ லெவல் ஏறி, கண்டன்சேட் வழிஞ்சு ரிச் ஆயிலோட கலந்துச்சு. அங்கே இருந்து சங்கிலி மாதிரி பின்னாடி இருக்கிற யூனிட்கள் ஒவ்வொண்ணா தடுமாறி, கடைசியில சூடான லீன் ஆயில் பம்புகள் நின்னு போச்சு. நாலு மணி நேரம் போல ஓடலை.

அந்த நாலு மணி நேரமும் குளிர்ந்த திரவம் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. கயிறு இழுக்கிறதுல ஒரு ஆள் இல்ல. ஜி.பி. 905ல சில பாகங்கள் மைனஸ் 48 டிகிரி வரைக்கும் இறங்கியிருக்கும்னு பின்னாடி விசாரணையில கணக்குப் போட்டாங்க. அனல் அடிக்க வேண்டிய எக்ஸ்சேஞ்சர் மேல ஐஸ் கட்டிச்சு. குளிர்ல இரும்பு சுருங்கினதால பக்கத்துல இன்னொரு எக்ஸ்சேஞ்சர்ல கசிவு வேற. எல்லாரோட கவனமும் கசிவு மேலதான். சூடான எண்ணெயை மறுபடி ஓட விட்டா இரும்பு பழைய நிலைக்கு வரும், எல்லாம் சரியாகிடும்னு முடிவு பண்ணினாங்க.

எண்ணெய் ஓட ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல, 12 மணி 26 நிமிஷத்துக்கு, ஜி.பி. 905 உடைஞ்சது. சுமார் 10 டன் ஹைட்ரோகார்பன் ஆவி மேகமா வெளியே வந்து, 170 மீட்டர் தள்ளி இருந்த ஃபர்னஸ்கள் வரைக்கும் போய்ப் பத்திக்கிச்சு. தீ பைப் வழியா பரவி, மேலும் மேலும் கசிவை உண்டாக்கி, முழுசா அணைய ரெண்டு நாளுக்கு மேல ஆச்சு. பக்கத்துல இருந்த ரெண்டாவது, மூணாவது பிளான்ட்களுக்குச் சேதம் இல்ல. ஆனா மூணும் பைப்களால பின்னிப் பிணைஞ்சு இருந்ததால மொத்தத்தையும் நிறுத்த வேண்டி வந்துச்சு. 14 லட்சம் வீடுகள், 89,000 வணிக நிறுவனங்களுக்குக் கேஸ் இல்ல. மெல்பர்ன் மக்கள் பச்சைத் தண்ணியில குளிச்சாங்க. அக்டோபர் 14 அன்னிக்குத்தான் சப்ளை திரும்பிச்சு.

அப்போ சரியான பதில் என்ன? எண்ணெய் ஓட்டம் நின்னு உடனே மீட்க முடியலைன்னா, குளிர்ந்த பக்கத்தையும் நிறுத்தணும். ரெண்டு பக்கமும் இருக்கிற பிரஷரை இறக்கணும். இரும்பைத் தானா மெதுவா, வெளிக்காத்தோட வெப்பத்துக்கு வர விடணும். அதுக்கப்புறம்தான் எண்ணெய். நேரம் ஆகும், உற்பத்தி போகும். ஆனா யாரும் சாகப் போறதில்ல.

அந்த ரெண்டு வரி யாருக்குத் தெரிஞ்சிருக்கணும்?

விபத்துக்கப்புறம் நிறுவனம் கை காட்டினது ஆபரேட்டர்களை. சரியான பயிற்சி கொடுத்திருந்தோம், அவங்கதான் அதுப்படி நடக்கலைங்கிறது அவங்க வாதம். அரசு ஒரு ராயல் கமிஷன் அமைச்சது. முன்னாள் நீதிபதி டேரில் டாசன் தலைமையில நடந்த அந்த விசாரணையோட அறிக்கை 1999ல வந்துச்சு. கமிஷன் அந்த வாதத்தை ஏத்துக்கலை. சூடான எண்ணெய் நின்னா என்ன ஆகும், குளிர்ந்த எக்ஸ்சேஞ்சருக்குள்ள அதை மறுபடி விட்டா என்ன ஆகும், இந்த ரெண்டையும் அங்கே இருந்தவங்களுக்கு யாருமே சொல்லித் தரலை, அதுக்கான எழுத்துப்பூர்வ நடைமுறையும் இல்லைன்னு சொல்லிச்சு. 2001ல நீதிமன்றம் நிறுவனத்துக்கு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு.

அறிக்கையில வெளிவந்த மூணு விஷயங்கள் எனக்கு ரொம்ப உறுத்தலா இருந்துச்சு.

ஒண்ணு, ஹசாப். ஒவ்வொரு பைப்பா எடுத்து, ஓட்டம் இல்லைன்னா என்ன, அதிகமானா என்ன, டெம்பரேச்சர் குறைஞ்சா என்னன்னு ஒரு குழு உட்கார்ந்து கேக்குற முறை. ரெண்டாவது, மூணாவது பிளான்ட்டுக்கு அதைப் பண்ணியிருந்தாங்க. பழைய முதல் பிளான்ட்டுக்கு 1995ல பண்றதா திட்டம் இருந்தும் நடக்கவே இல்ல. "லீன் ஆயில் ஓட்டம் இல்லைன்னா?" இந்த ஒரே கேள்வி போதும், ஜி.பி. 905 ஒயிட் போர்டுல வந்திருக்கும்.

ரெண்டு, இன்ஜினியர்கள். 1992ல பிளான்ட் இன்ஜினியர்களை லாங்ஃபோர்டுல இருந்து மெல்பர்ன் ஆபீசுக்கு மாத்திட்டாங்க. சுமார் 200 கிலோமீட்டர். அன்னிக்குக் காலையில ஐஸைப் பார்த்தவுடனே "நிறுத்துங்க!"ன்னு சொல்லக்கூடிய ஆள் பக்கத்துல இல்ல.

மூணு, அலாரம். கன்ட்ரோல் ரூம்ல ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல அலாரம் அடிக்கும். அடிச்சுக்கிட்டே இருக்கிற அலாரம் கொஞ்ச நாள்ல ஃபேன் சத்தம் மாதிரி ஆகிடும். அதோட, விபத்துக்கு ஒரு மாசம் முன்னாடி ஆகஸ்ட்லயே இதே மாதிரி அளவுக்கு மீறின குளிர் ஒருமுறை வந்து ஐஸ் கட்டியிருக்கு. அப்போ எதுவும் உடையலை. உடையலைங்கிறதால அது சம்பவமா பதிவே ஆகலை.

யோசிச்சுப் பாருங்க. குளிர்ல ஸ்டீல் நொறுங்கும்ங்கிறது 1998ல புதுக் கண்டுபிடிப்பு இல்ல. ரெண்டாம் உலகப் போர் காலத்துல குளிர்ந்த கடல்ல லிபர்ட்டி கப்பல்கள் சில ரெண்டா பிளந்தப்பவே உலகம் பாடம் படிச்சாச்சு. அந்த நிறுவனத்துக்குள்ளயும் அது தெரிஞ்ச இன்ஜினியர்கள் கட்டாயம் இருந்திருப்பாங்க. அறிவு இருந்துச்சு. வால்வு பக்கத்துல நின்னவர்கிட்ட அது வந்து சேரலை.

நமக்கு என்ன இருக்கு இதுல?

இதைப் படிக்கிற நம்மள்ல சிலர் அடுத்த வருஷம் ரிஃபைனரியிலயோ, ஃபெர்ட்டிலைசர் பிளான்ட்லயோ, பவர் பிளான்ட்லயோ டிரெய்னியா நிப்போம். பலர் ஐ.டி.க்குப் போவோம், அங்கே இந்த மாதிரி பிளான்ட்டுக்கு அலாரம் சாஃப்ட்வேர் எழுதுறவங்களும் இருப்பாங்க. எங்கே போனாலும் உதவும்னு நான் எடுத்துக்கிட்ட நாலு பழக்கத்தைச் சொல்றேன்.

ஒரு எக்விப்மென்ட்டைப் பார்த்தா அதோட நார்மல் நம்பரோட நிறுத்தாதீங்க. "இந்த நம்பரைத் தாங்கிப் பிடிக்கிறது எது? அது நின்னா இந்த நம்பர் எங்கே போகும்?" இதைக் கேளுங்க. எக்ஸ்சேஞ்சர்னா ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா நிறுத்திப் பாருங்க, மனசுக்குள்ளதான்!

டிசைன் பிரஷர் மாதிரியே, குறைந்தபட்ச டிசைன் மெட்டல் டெம்பரேச்சர்னு ஒரு நம்பர் பிரஷர் வெசலோட நேம் பிளேட்டுல இருக்கும். இன்டஸ்ட்ரியல் விசிட் போகும்போது தேடிப் பாருங்க. மேல் எல்லையைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. கீழ் எல்லைக்கும் அதே மரியாதை கொடுக்கணும்.

சூடா இருக்க வேண்டியது ஜில்லுனு இருந்தாலோ, ஜில்லுனு இருக்க வேண்டியது சுட்டாலோ அதைச் சரி பண்றதுக்கு முன்னாடி காரணம் கேளுங்க. ஐஸ்ங்கிறது உருக்க வேண்டிய அழுக்கு இல்ல. உள்ளே இருக்கிற இரும்பு எந்த நிலைமையில இருக்குன்னு செலவில்லாம காட்டுற தெர்மாமீட்டர் அது.

கடைசியா, உங்களுக்குத் தெரிஞ்சதை உங்களோட வெச்சுக்காதீங்க. ஷிஃப்ட்ல இருக்கிற ஆபரேட்டர் அண்ணனுக்கு உங்களை விட இருபது வருஷம் அனுபவம் இருக்கும். பம்போட சத்தத்தை வெச்சே என்ன கோளாறுன்னு சொல்லிடுவார். நீங்க அவர்கிட்ட கத்துக்க ஆயிரம் இருக்கு. பதிலுக்கு, "அண்ணே, இந்த ஸ்டீல் மைனஸ் 29க்குக் கீழே போனா நொறுங்கும். அப்படி ஆனா சூடு பண்ணாதீங்க, பிரஷரை இறக்குங்க" அப்படிங்கிற ரெண்டு வரியை அவருக்குப் புரியற தமிழ்ல சொல்ல நம்மால முடியும். "டக்டைல் டு பிரிட்டில் டிரான்சிஷன்"னு எக்ஸாம் பேப்பர்ல எழுதறது நமக்கு மார்க் வாங்கித் தரும். அந்த வார்த்தை இல்லாம அதே விஷயத்தை அவருக்கு விளக்க முடிஞ்சாதான் நமக்கு அது புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

அடுத்த செமஸ்டர்ல சார்பி டெஸ்ட் வரும்போது, லேப்ல அனுமதி வாங்கி ஒரு துண்டை ஐஸும் உப்பும் கலந்த தொட்டியில வெச்சு எடுத்து அடிச்சுப் பாருங்க. ரூம் டெம்பரேச்சர் ரீடிங்கோட பக்கத்துல அதையும் எழுதுங்க. உடைஞ்ச முகம் ரெண்டையும் கையில எடுத்து, எது நார் நாரா இழுபட்டிருக்கு, எது மினுமினுன்னு சர்க்கரைக் கட்டி மாதிரி இருக்குன்னு பாருங்க. உங்க ரீடிங்கை நம்ம இதழுக்கு அனுப்பினா அடுத்த மாசம் எல்லாத்தையும் ஒரே கிராஃப்ல போட்டுப் பார்க்கலாம்.